குளம் மூச்சு விடும் நேரம்

கும்பகோணத்துக்குப் போய் வந்தவர்கள் கோயில்களைப் பற்றிச் சொல்லுவதற்கு முன்னால் காப்பியைப் பற்றிச் சொல்லிவிடுவார்கள். "டிகிரி காப்பி" என்ற பட்டம் அவ்வூர்க் காப்பிக்கு எப்படி வந்தது என்று விசாரித்தால் பலர் பல காரணம் கூறுவதுண்டு. அவற்றுள் அதிகமாக வழங்கி வருவது இது: பாலில் மானியை மிதக்கவிட்டு, தண்ணீர் கலவாத பால்தானா என்று "டிகிரி" பார்த்து வாங்கி, அந்தப் பாலில் கலந்த காப்பியானபடியால் அது டிகிரி காப்பி ஆயிற்றாம். இந்தக் காரணம் மெய்யோ, பிற்பாடு யாரேனும் கட்டிவிட்டதோ, அதைப் பற்றி நாம் வழக்காடப் போவதில்லை. பாலை அளந்து பார்த்துவிட்டு அடுப்பில் ஏற்றுவது நல்ல வழக்கம் என்பதில் சந்தேகமில்லை.

நம்முடைய குறை ஒன்றே ஒன்றுதான். பாலில் தண்ணீர் எவ்வளவு என்று இத்தனை கண்டிப்பாகப் பார்க்கிற ஊரைச் சுற்றிலும், தண்ணீரையே நம்பிப் பணத்தைக் கொட்டுகிறவர்கள் அந்தத் தண்ணீரை அளந்து பார்ப்பது அபூர்வமாயிருக்கிறது. மீன் வளர்க்கும் மண் குளங்களைப் பற்றித்தான் சொல்லுகிறோம். மரக்கறி உணவு கொள்ளும் நேயர்கள் இவ்விடத்தில் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். மீன் சாப்பிடாதவர்களுக்கும் இதில் சம்பந்தம் உண்டு என்பது போகப் போகத் தெரியவரும்.

காவேரி பாயும் நாட்டில் குளமில்லாத கிராமம் கிடையாது. ஆனால் குளங்களில் இரண்டு ஜாதி உண்டு. மகாமகக் குளத்தைப் போல் கருங்கல் படிக்கட்டும், நடுவே இருபது கிணறுகளும், சுற்றிலும் மண்டபங்களுமாக இருப்பது ஒரு ஜாதி. ஊருக்குப் பின்புறம் மண் கரையும் வாழைத் தோட்டமும் சூழக் கிடப்பது இன்னொரு ஜாதி. பஞ்சாயத்தார் மீன்பாசிக் குத்தகைக்கு ஏலம் விடுவது இந்த இரண்டாவதைத்தான். சொந்த நிலத்தில் ஒரு மூலையை வெட்டிப் பண்ணைக் குட்டை ஆக்கியவர்களும் இப்போது அநேகர் இருக்கிறார்கள். மேட்டூர் அணையை ஜூன் 12-ந் தேதி திறப்பது என்பது வழக்கம். எல்லா வருஷமும் அந்த வழக்கம் நிறைவேறுவதில்லை. 2024-ல் ஜூலை 28-ந் தேதிதான் திறந்தார்கள். எப்படியோ வாய்க்காலில் ஜலம் வந்து, குளம் நிரம்பி, ஆடி ஆவணியில் குஞ்சு விட்டால், பங்குனி சித்திரையில் வலை போடலாம் என்பது கணக்கு.

விடுகிற குஞ்சுகளும் நம் ஆற்றில் பிறந்தவை அல்ல. கட்லா, ரோகு, மிர்கால் என்ற மூன்றும் வடநாட்டுப் பெரிய நதிகளில் வாழ்ந்தவை. அவை ஓடும் வெள்ளத்தில்தான் முட்டையிடும், குட்டையில் இடமாட்டா. ஆகையால் ஒரு காலத்தில் நதிகளில் குஞ்சு பிடித்துக் குடத்தில் போட்டு ரயிலேற்றி அனுப்பி வந்தார்கள். 1957-ஆம் வருஷம் ஜூலை 10-ந் தேதி ஒடிசாவில் ஹிராலால் சௌதுரி என்ற நமது நாட்டு விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும், மீனின் மூளைக்கு அடியிலுள்ள சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்தி, இந்த ஜாதி மீன்களைத் தொட்டித் தண்ணீரிலேயே முட்டையிடச் செய்தார்கள். மீன் வளர்ப்போர் தினம் என்று ஜூலை 10-ஐ இன்று நாடெங்கும் கொண்டாடுவது அதனால்தான். அந்த ஊசியின் புண்ணியத்தில் கங்கைக் கரை மீன்கள் அரசலாற்றுப் பக்கத்துக் குட்டையில் வந்து குடியேறிவிட்டன. தேச ஐக்கியத்துக்கு இதைவிட ருசியான உதாரணம் வேண்டுமென்றால் மீன் சாப்பிடுகிறவர்களைத்தான் கேட்கவேண்டும்.

* * *

இனி, இந்தக் குளங்களில் எதிலும் நடக்கக்கூடிய ஒரு காட்சியைப் பார்ப்போம்.

ஐப்பசி அடைமழை. மூன்று நாளாகச் சூரியனைக் காணோம். குளத்துக்காரர் தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் தவறாமல் பிசைந்து போட்டு வந்திருக்கிறார். "ஜலம் பச்சைப் பசேலென்று இருக்கிறது, மீன் நன்றாய்க் கொழுக்கும்" என்று நேற்று மத்தியானம் பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அதைக் கேட்டுச் சந்தோஷமாகப் படுத்தவரைப் பொழுது விடிவதற்குள் யாரோ வந்து எழுப்புகிறார்கள். ஓடிப்போய்ப் பார்த்தால் குளத்தின் காற்றடிக்கும் கரையோரமெல்லாம் வெள்ளை வயிறு தெரிய மீன்கள் ஒதுங்கிக் கிடக்கின்றன. அரைக் கிலோ, முக்கால் கிலோ வளர்ந்தவை. ஒரு ஏக்கரில் இரண்டாயிரம் குஞ்சு விட்ட குளம். கடன் வாங்கி விட்ட குளமாயிருந்தால் அதன் கதை வேறு.

அப்போது கரையில் கூடியிருப்பவர்களில் ஒருவர் மெதுவாகச் சொல்லுகிறார்: "யாரோ மருந்து கலந்துவிட்டான்!"

அந்த ஒரு வார்த்தை போதும். ஏலத்தில் தோற்றவன் யார், பங்காளியோடு வரப்புச் சண்டை எப்போது நடந்தது, ராத்திரி டார்ச் விளக்கோடு போனவன் யார் என்று கணக்கெடுப்பு ஆரம்பமாகிவிடுகிறது. மத்தியானத்துக்குள் போலீஸ் ஸ்டேஷனில் மனு. மீன் போன நஷ்டம் ஒரு வருஷத்தில் ஆறிவிடும். இந்தச் சந்தேகத்தால் உண்டான பகை இரண்டு தலைமுறைக்கு ஆறாது. பேச்சு வார்த்தை நின்றுபோகும், பெண் கொடுத்து வாங்குவது நின்றுபோகும்.

மருந்து வைக்கிற பாவிகள் உலகத்தில் இல்லை என்று நாம் சொல்லவில்லை. இருக்கிறார்கள். ஆனால் மேலே சொன்ன காட்சியில் குற்றவாளி பெரும்பாலும் மனிதன் அல்ல. அந்தப் பச்சைத் தண்ணீர்தான்.

* * *

விஷயம் இதுதான். நாம் சுவாசிக்கும் காற்றில் லிட்டருக்கு ஏறக்குறைய 270 மில்லிகிராம் பிராணவாயு இருக்கிறது. நமது ஊர் வெயிலில் 30 டிகிரிச் சூட்டில் இருக்கும் குளத்து ஜலம் காற்றிலிருந்து தானாக ஏற்றுக் கொள்ளக்கூடியது லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம். இந்தச் சொற்பத்தைக் கொண்டுதான் மீன் உயிர் வாழ்கிறது. 5 மில்லிகிராமுக்குக் குறையாமலிருந்தால் அது சுகமாய் மேயும். 3-க்குக் கீழே போனால் தவிக்கும். 1-ஐ ஒட்டிப் போனால் சில மணி நேரத்தில் முடிவுதான்.

ஜலத்தைப் பச்சையாக்குவது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பாசி. பகலில் வெயில் படும்போது அது கரியமில வாயுவை உட்கொண்டு பிராணவாயுவை வெளியிடுகிறது. நல்ல பச்சைக் குளத்தில் பிற்பகல் மூன்று நான்கு மணிக்குப் பிராணவாயு 12 மில்லிகிராமுக்கு மேல் ஏறி நிற்பதும் உண்டு. ஆனால் சூரியன் இறங்கியதும் அந்தப் பாசியும் மற்ற ஜீவன்களைப் போலவே மூச்சு விட ஆரம்பித்துவிடுகிறது. மீன் ஒரு பக்கம், பாசி ஒரு பக்கம், அடிச் சேற்றில் கோடானு கோடி கிருமிகள் ஒரு பக்கம். எல்லோரும் இருப்பிலிருந்து செலவழிக்கிறார்கள். பகலெல்லாம் ஒருவர் சம்பாதித்து இரவெல்லாம் ஊர் கூடித் தின்கிற குடும்பத்தின் குதிர் எந்த நேரத்தில் காலியாயிருக்கும்? பொழுது விடிவதற்குச் சற்று முன்னால்தான். மூன்று நாள் மூட்டம் போட்டால் பகற் சம்பாத்தியமும் இல்லை. மேலே விழும் குளிர்ந்த மழை ஜலம் கனத்தால் கீழே இறங்க, அடியில் கிடந்த கெட்ட ஜலம் மேலே கிளம்புவதும் அப்போதுதான்.

குளத்துக்காரர் குளத்தைப் பார்க்கப் போவதோ காப்பி குடித்துவிட்டு ஒன்பது மணிக்கு. அல்லது தீனி போடுகிற சமயத்தில். அப்போது குதிர் நிரம்ப ஆரம்பித்துவிடும். மீன்கள் கண்ணுக்கு அழகாய்த் துள்ளும். ஜுரக்காரனை ஜுரம் விட்ட வேளையில் மட்டும் பார்த்துவிட்டுப் போகும் வைத்தியரைப் போன்றதுதான் இது.

இதில் நமது ஜில்லாவின் சொந்த மீன் ஒன்று சாட்சி சொல்ல வருகிறது. தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் கையிலிருந்த காலத்தில், 1791-ல், டால்டார்ஃப் என்ற அந்நாட்டு லெப்டினண்டு ஒருவர், மழை ஜலம் வழிந்து கொண்டிருந்த பனை மரத்தில் ஒரு மீன் ஏறக் கண்டதாக எழுதி வைத்தார். 1797-ல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் அது வெளியாயிற்று. சீமை அறிஞர்கள் சிரித்தார்கள். மரம் ஏறுமா என்பதில் இன்றைக்கும் சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. ஆனால் அது செவுள் மூடியை ஊன்றி ஈரத் தரையில் நடப்பதில் சந்தேகமே இல்லை. நம் ஜனங்கள் எந்தச் சங்கத்தையும் கேட்காமல் அதற்குப் பனையேறிக் கெண்டை என்று பேர் வைத்துவிட்டார்கள். அந்த மீனுக்குச் செவுளுக்கு மேலே ஓர் அறை இருக்கிறது. அதன் மூலம் ஜலத்துக்கு மேலே தலையை நீட்டி நேராகக் காற்றையே சுவாசிக்கும். விராலும் குறவையும் தேளியும் அப்படியே ஏதேனும் ஒரு வழியில் காற்றைச் சுவாசிப்பவை. கட்லாவுக்கும் ரோகுவுக்கும் அந்தப் பாக்கியம் இல்லை. அவை முழுக்க முழுக்க ஜலத்திலுள்ள பிராணவாயுவையே நம்பியவை.

ஆகையால் செத்த குளத்தைப் பார்த்ததும் "யார் செய்தது?" என்று கேட்பதற்கு முன்னால் "எது உயிரோடிருக்கிறது?" என்று கேட்க வேண்டும். கட்லாவும் ரோகுவும் மிதக்க, விராலும் பனையேறியும் சுகமாயிருந்தால், அது மூச்சுத் திணறிய சாவு. அப்படிப்பட்ட சாவில் பெரிய மீன்கள் முதலில் போகும், குஞ்சுகள் தப்பும். நேரம் விடியற்காலையாயிருக்கும். செத்த மீனின் வாய் திறந்து, செவுள் விரிந்திருக்கும். விஷமானால் பெரும்பாலும் சின்னஞ்சிறு மீன்தான் முதலில் போகும். தவளைக் குஞ்சும் இறாலும் நீர்ப் பூச்சியும்கூட அத்துடன் போகும். பட்டப்பகலிலும் நடக்கும். இந்த வித்தியாசத்தைக் கிராமத்துக்கு ஒருவர் தெரிந்து வைத்திருந்தாலும் எத்தனையோ பங்காளிகள் பேச்சு வார்த்தையோடு இருப்பார்கள்.

விஷம் என்று தீர்மானமானாலும் அயலான் கையைத் தேடுவதற்கு முன்னால் வயலைப் பார்ப்பது நல்லது. குறுவைக்குப் பூச்சி மருந்து அடித்த மறுநாள் மழை பெய்து, வடிகால் ஜலம் குளத்தில் இறங்கினால், அதுவே போதும். எண்டோசல்பான் என்ற மருந்து மீனுக்குப் பரம சத்துரு. 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு அதைத் தடுத்துவிட்டது. ஆனால் மீனுக்கு ஆகாத மருந்து அது ஒன்றுதான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வயல் வடிகாலைக் குளத்தில் விடாமல் கரையைச் சுற்றித் திருப்பிவிடுவது ஒரு நாள் மண்வெட்டி வேலை.

* * *

பிராணவாயுவை எப்படி அளப்பது? கண்ணுக்குத் தெரியாததை அளக்கும் வித்தையை 1888-ல் லாயோஷ் விங்க்ளர் என்ற ஹங்கேரி தேசத்து ரசாயன சாஸ்திரி கண்டுபிடித்துக் கொடுத்தார். குப்பியில் காற்றுப் புகாமல் ஜலம் எடுத்து இரண்டு மருந்துகளை விட்டால், பிராணவாயு இருந்தால் கபில நிறத்தில் வண்டல் விழும், இல்லாவிட்டால் வெள்ளையாக விழும். பிறகு அமிலம் விட்டு, கஞ்சிப் பசையைச் சேர்த்து நீலமாக்கி, போட்டோக்காரர்கள் உபயோகிக்கும் ஹைப்போவைச் சொட்டுச் சொட்டாக விட்டு நீலம் மறைகிற வரையில் எண்ண வேண்டும். சொட்டின் கணக்கே பிராணவாயுவின் கணக்கு. இதே முறையைச் சுருக்கிச் சிறு பெட்டியில் அடக்கி இப்போது விற்கிறார்கள். ஜலத்தில் முனையை விட்டதும் எண்ணைக் காட்டும் மின்சாரக் கருவியும் உண்டு. நாலைந்து குளத்துக்காரர்கள் சேர்ந்து ஒரு பெட்டி வாங்கினால் தலைக்கு அதிகம் ஆகாது.

பெட்டி வாங்கியவர்களுக்கு ஒரு சிறு கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். மாலை ஆறு மணிக்குப் பிராணவாயு 9 மில்லிகிராம் இருந்தது. இரவு ஒன்பது மணிக்கு 7.2 இருக்கிறது. மூன்று மணியில் 1.8 செலவு. அப்படியானால் காலை ஆறு மணிக்குள் பன்னிரண்டு மணி நேரத்துக்கு 7.2 செலவாகும்; மிச்சம் 1.8. அதாவது ஆபத்து! இரவு ஒன்பது மணிக்கே, அதுவும் சாப்பிட்டு முடித்த சாவகாசத்தில், விடியற்காலை ஐந்து மணிக்கு நடக்கப் போவது தெரிந்துவிடுகிறது. நாள் பூராவும் செலவு ஒரே சீராக இராதுதான். ஆயினும் எச்சரிக்கைக்கு இந்தக் கணக்குப் போதும். ராமானுஜன் படித்த ஊரில் இதைப் போட ஆள் கிடைக்காது என்று நாம் நம்பத் தயாராயில்லை.

பெட்டியும் இல்லாதவர்களுக்குச் சொந்தக் கை இருக்கிறது. ரோமாபுரிப் பாதிரியாரும் வான சாஸ்திரியுமான செக்கி என்பவர் 1865-ல் போப்பாண்டவரின் கப்பலில் ஏறி, வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி மத்தியதரைக் கடலில் இறக்கி, எவ்வளவு ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதென்று பார்த்தார். கறுப்பும் வெள்ளையுமாக நாலு பாகம் தீட்டிய தட்டை அவர் பேரால் இன்றும் குளங்களில் இறக்குகிறார்கள். முப்பது முதல் நாற்பது சென்டிமீட்டருக்குள் தட்டு மறைந்தால் பாசி அளவாயிருக்கிறது. இருபதுக்குள்ளேயே மறைந்தால் பாசி மிதமிஞ்சிவிட்டது. எருவையும் தீனியையும் நிறுத்த வேண்டியதுதான். அறுபதுக்கு மேலும் தெரிந்தால் குளத்தில் ஆகாரம் போதாது. தட்டு இல்லையேல் முழங்கை வரையில் கையை நேராக ஜலத்தில் விட்டு, உள்ளங்கையைப் பார்க்கலாம். முழங்கை நனைவதற்கு வெகு முன்னாலேயே உள்ளங்கை மறைந்தால் உஷார். இதில் ஒரு நிபந்தனை: மறைப்பது பாசியாயிருக்க வேண்டும். மழைக்குக் கரைந்து வந்த வண்டலானால் அந்தக் கணக்குச் செல்லாது.

* * *

விடியற்காலையில் ஓர் எதிரி என்றால் பிற்பகலில் இன்னோர் எதிரி வருகிறான். அவன் பெயர் அமோனியா.

குளத்தில் போடுகிற புண்ணாக்கிலுள்ள சத்தில் ஏறத்தாழ கால் பங்குதான் மீனின் உடம்பில் சேருகிறது. மற்றது கழிவாகவும் எச்சிலாகவும் ஜலத்தில் கலந்து அமோனியாவாகிறது. அமோனியாவிலும் சாது உண்டு, துஷ்டன் உண்டு. எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது ஜலத்தின் புளிப்பும் காரமும். பி.எச். என்ற அளவில் 7 நடுநிலை. அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம். 30 டிகிரிச் சூட்டில் பி.எச். 7 ஆயிருந்தால் நூற்றில் ஒன்றுக்கும் குறைவான அமோனியாதான் விஷரூபத்தில் இருக்கும். 8 ஆனால் நூற்றில் ஏழு. 9 ஆனால் நூற்றில் நாற்பத்தைந்து! பாசி பகலெல்லாம் கரியமில வாயுவை உறிஞ்சுவதால் பிற்பகலில் பி.எச். ஏறுகிறது, இரவில் இறங்குகிறது. ஆகவே காலையில் மட்டும் சோதித்து "எல்லாம் சரி" என்று எழுதி வைப்பவன் பாதிக் குளத்தைத்தான் பார்த்தவன் ஆவான். விடியுமுன் பிராணவாயு, பிற்பகல் மூன்று மணிக்குப் பி.எச்.; இரண்டையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும். பால் கணக்கும் சலவைக் கணக்கும் எழுதுகிற வீட்டில் இன்னொரு வரி எழுதுவது சிரமமாகாது.

பி.எச். இப்படிக் காலையும் மாலையும் ஊசலாடாமல் கட்டிப் பிடிப்பது சுண்ணாம்பு. குளத்தில் சுண்ணாம்புச் சத்து போதிய அளவு கரைந்திருந்தால் ஊசல் சுருங்கும். குளம் வற்றிக் காய்ந்த சமயத்தில் ஏக்கருக்குச் சுமார் நூறு கிலோ தூவுவது சாதாரண வழக்கம். மண் புளிப்பாயிருந்தால் கூட்ட வேண்டும். முன்பே காரமாயிருந்தால் வேண்டாம். "போன வருஷம் போட்டேன், நன்றாயிருந்தது, இந்த வருஷம் இரண்டு மடங்கு போடுகிறேன்" என்று கிளம்புகிறவர்களைப் பார்த்தால் நமக்குப் பயமாயிருக்கிறது. பி.எச். ஏற்கெனவே 9-ஐ எட்டிய பிற்பகலில் சுட்ட சுண்ணாம்பைக் கொட்டினால் சாது அமோனியாவெல்லாம் துஷ்டனாகிவிடும். வெற்றிலைக்கு எவ்வளவு சுண்ணாம்பு தடவலாம் என்பது கும்பகோணத்தாருக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அதிகமானால் நாக்கு வெந்துபோகும்.

ஜலம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மேட்டூர் ஜலம் தாமதித்தால் ஆழ்குழாய்க் கிணற்றைத் திறந்துவிடுகிறார்கள். கண்ணாடி போலிருக்கும் அந்த ஜலத்தில் பிராணவாயு அநேகமாக இராது. கரியமில வாயுவும் சில இடங்களில் இரும்புச் சத்தும் இருக்கும். அதைக் குழாயோடு நேராகக் குளத்துக்குள் விடுவது மூச்சுத் திணறுகிறவனுக்குத் தலையணையால் வாயை மூடுவது போலாகும். ஓட்டையிட்ட தகரத்தின் மேலோ கற்குவியலின் மேலோ விழுந்து சிதறி, காற்றில் நனைந்து இறங்கும்படி செய்தால் அதே ஜலம் உபகாரம் செய்யும்.

சரி, இரவு ஒன்பது மணிக்குக் கணக்குப் போட்டாகிவிட்டது, மிச்சம் குறைவு என்று தெரிந்துவிட்டது, என்ன செய்வது? மறு உத்தரவு வரையில் தீனி கிடையாது, சாணமும் கிடையாது. துடுப்புச் சக்கர இயந்திரம் இருந்தால் நள்ளிரவிலிருந்தே ஓட விட வேண்டும். இல்லையென்றால் இறைக்கிற பம்பைக் குளத்திலேயே வைத்து, குளத்து ஜலத்தையே மேலே பீய்ச்சிக் குளத்திலேயே விழவைக்கலாம். வாய்க்காலில் நல்ல ஜலம் ஓடினால் திறந்துவிடலாம். ஒன்றுமில்லாதவர்கள் மூங்கில் கொம்பால் ஜலத்தை அடிப்பதும், வீட்டுப் பிள்ளைகள் குடம் குடமாக மொண்டு மேலிருந்து ஊற்றுவதும் பார்க்கச் சிரிப்பாயிருக்கலாம். சின்னக் குட்டையில் அதுவும் உயிர்ப் பிச்சைதான். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதும், கைதட்டினால்கூட ஓடாமல் இருப்பதும், நத்தைகள் கரையேறுவதும் கடைசி மணி அடித்துவிட்டதற்கு அடையாளம். அதற்கப்புறம் யோசனை கேட்டு யாரையும் தேடிப் போக நேரமில்லை.

நேரமிருக்கும்போது தேடிப் போக இடமுண்டு. நாகப்பட்டினத்தில் 2012-ல் சர்க்கார் மீன்வளப் பல்கலைக்கழகம் ஒன்றை ஸ்தாபித்தார்கள். தஞ்சைக்கு அருகே சூரக்கோட்டையில் அதைச் சேர்ந்த மீன் வளர்ப்பு மையம் இருக்கிறது. குப்பியில் ஜலத்தை எடுத்துக்கொண்டு போவதற்கு முன்னால் எப்படி எடுப்பது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போவது உத்தமம். பஸ்ஸில் மூன்று மணி நேரம் குலுங்கிய ஜலத்தில் குளத்துச் செய்தி எதுவும் மிஞ்சியிராது.

* * *

மரக்கறி நேயர்களுக்குக் கொடுத்த வாக்குறுதி பாக்கி நிற்கிறது. குளத்துக்குள் இருக்கும் ஜலம் குளத்துக்காரரின் கவலை. அது வெளியே வந்ததும் ஊராரின் கவலை.

கும்பகோணத்திலிருந்து கிழக்கே போகப் போக, நன்னீர்க் குளம் முடிந்து கடலோரத்து உப்பு ஜலம் ஆரம்பிக்கிறது. அங்கே 1990-களில், நெல் விளைந்த பூமியில் கரை கட்டி, கடல் ஜலத்தை இறைத்து இறால் வளர்க்க ஆரம்பித்தார்கள். பணம் வந்தது, பண்ணைக்காரர்களுக்கு வந்தது. கழித்துவிட்ட உப்பு ஜலம் அடுத்த வயலிலும் குடிதண்ணீர்க் கிணற்றிலும் இறங்கியது. காந்தியடிகளின் வழியில் நின்று, பூதான இயக்கத்தில் வினோபாவுடன் நடந்த சர்வோதயத் தொண்டர் எஸ். ஜகந்நாதன், அதை எதிர்த்து ஏழைகளைத் திரட்டிச் சத்தியாக்கிரகம் செய்ததோடு சுப்ரீம் கோர்ட்டுக்கும் போனார். 1996-ஆம் வருஷம் டிசம்பர் 11-ந் தேதி தீர்ப்பு வந்தது. கடலோரத்துக் கட்டுப்பாட்டு எல்லைக்குள் பழைய பாரம்பரிய முறையும் அதில் சிறிது திருந்திய முறையும் தவிர மற்ற இறால் பண்ணைகள் கூடாதென்று நீதிபதிகள் கூறிவிட்டார்கள். பிறகு 2005-ல் பார்லிமெண்டு தனிச் சட்டம் ஒன்று இயற்றி, கடலோரப் பண்ணைகளை அனுமதிக்கவும் கண்காணிக்கவும் ஓர் அதிகார சபையை ஏற்படுத்தியது. இறால் தொழிலினால் பிழைப்பவர்களுக்கு இதைப் பற்றி வேறு அபிப்பிராயம் உண்டு. அந்நியச் செலாவணியின் கணக்கை அவர்கள் காட்டுவார்கள். கிணற்று ஜலம் கரித்தவர்களின் கணக்கு அந்தப் புத்தகத்தில் ஏறாது என்பதே நம்முடைய அபிப்பிராயம்.

கட்லாக் குளத்தின் ஜலம் உப்பல்ல. அவ்வளவு பொல்லாததும் அல்ல. ஆனால் வலை போட்ட பிறகு அடியில் தங்கும் கடைசி முழ ஜலத்தில்தான் வருஷம் முழுவதும் சேர்ந்த கழிவு இருக்கிறது. அதை மதகைத் திறந்து ஒரே மூச்சில் வாய்க்காலில் விட்டால், கீழே படித்துறையில் குளிக்கிறவர்களுக்கும் மாடு குளிப்பாட்டுகிறவர்களுக்கும் அதுதான் பங்கு. மேலே தெளிந்த ஜலத்தை முதலில் வடித்துவிட்டு, அடி ஜலத்தை வாழைக்கும் தென்னைக்கும் பாய்ச்சினால் எருவுக்குச் செலவில்லை.

அப்புறம் குளத்தை இரண்டு மூன்று வாரம் வெயிலில் போட்டுவிட வேண்டும். வெடிப்பில் விரல் நுழையும் வரையில் காய்ந்தால் அடிச் சேற்றின் துர்நாற்றம் போகும். அதிலுள்ள கழிவெல்லாம் காற்றுப்பட்டு எரிந்து எருவாகும். வற்றாத குளமானால் விராலையும் மற்றக் களை மீன்களையும் போக்குவதற்கு இலுப்பைப் புண்ணாக்குப் போடுகிறார்கள். ஒரு மீட்டர் ஆழமுள்ள ஏக்கர் குளத்துக்கு ஆயிரம் கிலோ. அதன் விஷம் தணிய மூன்று வாரம் ஆகும். பிறகு அதுவே எரு. காய்ந்த குளத்தில் மேல் சேற்றை நாலு விரற்கடை வழித்து வண்டியில் ஏற்றி வயலுக்கு அடிப்பதைத் தஞ்சாவூர் ஜில்லாவில் நம் பாட்டன்மார் வைகாசியில் செய்து வந்தார்கள். டிராக்டர் வந்த பிறகு அது ஒரு நாள் வேலை.